கைக்குள் ஒரு வந்தே பாரத்: மாடல் ரயில் வெறும் விளையாட்டா?

சிறு வயதில் தீப்பெட்டிகளை நூலில் கோத்து ரயில் ஓட்டாத பிள்ளைகள் குறைவு. ஆனால் கல்லூரி போகும் வயதில் ஒரு மாணவன் அட்டை, உப்புத்தாள், பெயிண்ட் டப்பா என்று பரப்பி வைத்துக்கொண்டு ரயில் செய்ய உட்கார்ந்தால், வீட்டில் முதலில் வரும் கேள்வி "இன்னும் என்ன சின்னப் பிள்ளையாட்டம்?" என்பதுதான். அதே மாணவன் கடைசி வருட ப்ராஜெக்டை ஒரு 'ப்ராஜெக்ட் சென்டரில்' பணம் கொடுத்து வாங்கி வந்தால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "வேலை முடிந்ததா? சரி" என்று விட்டுவிடுகிறார்கள்.

உண்மையில் இந்த இரண்டில் எது விளையாட்டு, எது படிப்பு? இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம். சென்னை பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் உருவானதுதான் 'ட்ரெயின் 18'. 2018-இல் தயாராகி, வந்தே பாரத் என்ற பெயரில் 2019 பிப்ரவரி 15 அன்று டெல்லி - வாரணாசி பாதையில் ஓடத் தொடங்கியது. தனியாக எஞ்சின் கிடையாது. நான்கு பெட்டிகள் சேர்ந்தது ஓர் அலகு. நான்கு அலகுகள் சேர்ந்தால் 16 பெட்டிகள். அவற்றில் பாதிப் பெட்டிகளில் மோட்டார்கள் இருக்கின்றன. இந்த ரயிலைத்தான் ஒரு மாணவன் 1:87 அளவில், அதாவது உலகம் முழுவதும் 'எச்.ஓ.' என்று அழைக்கப்படும் அளவில், செய்ய நினைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாளே கணக்கு ஆரம்பித்துவிடும். 16 பெட்டி ரயிலின் நீளம் சுமார் 384 மீட்டர். 87-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.4 மீட்டர். ஒரு சராசரி வீட்டின் ஹாலில் இந்த ரயிலை நிறுத்தினால் ஒரு முனை சமையலறை வாசலில் போய் நிற்கும்! அப்படியானால் என்ன செய்வது? பெட்டிகளைக் குட்டையாக்கலாம். ஆனால் அது பொய். எட்டுப் பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். இது பொய் அல்ல. ஏனென்றால் 2023 ஏப்ரலில் சென்னை - கோவை வந்தே பாரத்தும், அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை - திருநெல்வேலி வந்தே பாரத்தும் எட்டுப் பெட்டிகளுடன்தான் தொடங்கின. 2.2 மீட்டரில் ஓர் உண்மையான ரயில் கிடைத்துவிடுகிறது. இடம் போதவில்லை என்ற பிரச்சினைக்கு ரயிலின் வரலாற்றிலேயே விடை தேடுவது சின்னப் பிள்ளை வேலையா?

அடுத்து வருவது இன்னும் சிக்கல். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பா, அமெரிக்காவில் பரவலாக இருக்கும் 1435 மி.மீ. பாதைக்காக வகுக்கப்பட்டது. இந்தியாவின் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். ஆக, சரியான அளவில் செய்த வந்தே பாரத்தைக் கடையில் வாங்கிய தண்டவாளத்தில் வைத்தால், பெரிய உடம்பும் குறுகிய காலுமாக நிற்கும். வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் முன்பக்கமிருந்து பார்க்கும்போது கண்ணை உறுத்தும்.

இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. 19.3 மி.மீ. தண்டவாளத்தைத் தானே செய்யலாம், வேலை அதிகம். ரயிலை 1:102 அளவுக்குச் சுருக்கினால் 16.5 மி.மீ. பாதை சரியாகப் பொருந்தும், ஆனால் எச்.ஓ. அளவில் கடையில் கிடைக்கும் கட்டிடம், மனிதர், மரம் எதுவும் அதோடு சேராது. மூன்றாவது வழி, வித்தியாசத்தை ஒப்புக்கொண்டு அப்படியே ஓட்டுவது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை இழக்க வேண்டும். எதை இழப்பது என்று காரணத்தோடு முடிவு செய்வதற்குப் பெயர்தான் பொறியியல். பாடப்புத்தகத்தின் கணக்குகளுக்குப் பெரும்பாலும் ஒரே விடை. அட்டை ரயிலுக்கு மூன்று விடைகள், மூன்றிலும் ஒரு குறை.

எடை விஷயம் இதைவிட வேடிக்கையானது. நீளம் 87 மடங்கு குறைந்தால் கன அளவு 87 x 87 x 87 மடங்கு, அதாவது ஆறரை லட்சம் மடங்குக்கு மேல் குறைகிறது. 2022-இல் வந்த வந்தே பாரத் ரயிலின் எடை சுமார் 392 டன். அதை அந்த எண்ணால் வகுத்தால் 16 பெட்டிகளும் சேர்ந்து சுமார் 600 கிராம்தான். ஒரு பெட்டிக்கு 37 கிராம்! அவ்வளவு லேசான பெட்டி வளைவில் தடம் புரண்டுவிடும். அதனால் அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் எச்.ஓ. பெட்டிகளுக்கு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது: ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். அதன்படி 27.6 செ.மீ. நீளமுள்ள வந்தே பாரத் பெட்டி சுமார் 180 கிராம் இருக்க வேண்டும். 'சரியான' எடையைப் போல ஐந்து மடங்கு. உருவத்தைச் சுருக்கலாம், இயற்பியலைச் சுருக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பறையும் சொல்லிவிடாது.

வேகமும் அப்படித்தான். ஒரு நொடியில் ஒரு மீட்டர் ஓடும் மாடல், நிஜ அளவில் மணிக்கு 313 கி.மீ. வேகத்தில் போகிறது என்று அர்த்தம். ட்ரெயின் 18 சோதனை ஓட்டத்தில் எட்டியதே 180 கி.மீ.தான். மணிக்கு 130 கி.மீ. வேகத்தைக் காட்ட வேண்டுமென்றால் மாடல் நொடிக்கு 41 செ.மீ. மட்டுமே நகர வேண்டும். பார்ப்பவர்கள் "இன்னும் வேகமாக ஓட்டு" என்பார்கள். கணக்குத் தெரிந்தவன் ஓட்ட மாட்டான்.

வளைவில் மட்டும் யாராலும் முழு நேர்மையாக இருக்க முடியாது. இந்திய அகலப்பாதையில் பொதுவாக அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். 1:87-இல் அது 2 மீட்டர். அரை வட்டம் போடவே 4 மீட்டர் அகல அறை வேண்டும். அதனால்தான் மாடல் ரயில்கள் அரை மீட்டர் ஆரத்திலேயே திரும்புகின்றன. பெட்டிகளின் முனைகள் வெளியே துருத்துகின்றன; இணைப்பை நீட்டி, சக்கரச் சட்டத்துக்கு அதிக அசைவு கொடுத்துச் சமாளிக்கிறார்கள். 2001-இல் ஹாம்பர்க் நகரில் திறக்கப்பட்ட மினியேச்சர் வொண்டர்லேண்டில் 16 கிலோமீட்டருக்கு மேல் எச்.ஓ. தண்டவாளம் இருக்கிறது. அவ்வளவு இடம் உள்ள அங்கும் வளைவுகள் சுருக்கப்பட்டவைதான். அதைப் பார்த்து யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

சரி, அளவுகள் எங்கிருந்து கிடைக்கும்? முழு வரைபடம் கையில் இல்லாதவனுக்கு எதிர் நடைமேடை இருக்கிறது. நின்றிருக்கும் ரயிலின் பக்கவாட்டைக் கதவு கதவாகப் படம் எடுத்து, பெட்டியின் நீளம் சுமார் 24 மீட்டர் என்ற ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஜன்னல், கதவு, பட்டை எல்லாவற்றையும் விகிதத்தால் கண்டுபிடிக்கலாம். எட்டாம் வகுப்பில் படித்த விகிதமும் விகிதாசமமும் வாழ்க்கையில் எங்கே பயன்படும் என்று கேட்பவர்களுக்கு இதோ ஓர் இடம். அதற்குப் பிறகு வரும் மூக்குப் பகுதி பொறுமையின் பரீட்சை. எல்லாப் பக்கமும் வளையும் அந்த முகத்துக்கு அட்டையில் விலா எலும்புகள் போல வெட்டி நிறுத்தி, இடையில் பட்டி வைத்து, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பட்டி வைத்து, மறுபடி தேய்க்க வேண்டும். இரண்டு கன்னமும் ஒன்றுபோல வரும்வரை விடுதலை இல்லை.

"இப்போதுதான் முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டதே, ஏன் இந்தப் பாடு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அச்சிடுவதில் தவறே இல்லை. ஆனால் கணினியில் அந்த மூக்கை வரைந்தது யார் என்பதுதான் விஷயம். மோட்டாரை வாங்கலாம், சக்கரத்தை வாங்கலாம், மின்விளக்கை வாங்கலாம். பெரிய ரயில் தொழிற்சாலைகளும் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. பாகத்தை வாங்குவது வேறு, யோசனையை வாங்குவது வேறு. காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டில் விலைபோவது இரண்டாவதுதான். அதை வாங்கியவனிடம் "இந்தப் பாகம் ஏன் இங்கே?" என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பான். அவன் நாளைக்கு ஒரு பாலத்துக்கோ பிரேக்குக்கோ கையெழுத்துப் போட வேண்டியவன் என்பதுதான் கவலை.

செலவும் நேரமும் எல்லோருக்கும் கிடைக்காது என்பதும் உண்மை. ஓடும் ரயில்தான் செய்ய வேண்டும் என்று சட்டமில்லை. அட்டையில் செய்த, ஓடாத, ஒரே ஒரு பெட்டி போதும். அதற்கும் விகிதம் வேண்டும், அதிலும் எதை விடுவது என்ற கேள்வி வரும்.

இதில் கல்லூரிகள் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. ப்ராஜெக்ட் வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கலாம்: "எதை உண்மையாக வைத்தாய், எதை விட்டுக்கொடுத்தாய், ஏன்?" கையால் செய்தவன் இதற்கு அரை மணி நேரம் பேசுவான். வாங்கி வந்தவனால் அரை நிமிடம்கூடப் பேச முடியாது. பெரம்பூரில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தில், ஒரு வந்தே பாரத் பெட்டியின் முக்கிய அளவுகளை மட்டும் அச்சிட்ட ஒற்றைத் தாளைப் பத்து ரூபாய்க்கு விற்றால் எத்தனையோ பள்ளிப் பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு போய் அட்டையை வெட்ட ஆரம்பிப்பார்கள்.

மாடல் என்பது நிஜத்தின் நகல் அல்ல. எங்கெங்கே நிஜத்திலிருந்து விலகினோம் என்று தெரிந்தே செய்த பொருள். விலகலை மறைத்தால் அது பொம்மை. எழுதி வைத்தால் அது பாடம். ஆகவே வீட்டில் யாராவது உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தால் "என்ன சின்னப் பிள்ளையாட்டம்?" என்று கேட்பதற்கு முன்னால், "தண்டவாளத்துக்கு என்ன அகலம் வைத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலிலேயே தெரிந்துவிடும், அவன் விளையாடுகிறானா படிக்கிறானா என்பது!