தெளிந்த தண்ணீரைப் பார்த்து ஏமாறாதீர்கள்



தியோமான் தீவுக்குப் போய் வந்தவர்கள் முதலில் பேசுவது அங்குள்ள தண்ணீரின் தெளிவைப் பற்றித்தான். நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரும் அங்கே தங்கும் விடுதிகளிலும் முக்குளிப்புக் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். அப்படிப் போன மகன், 'டெக்னிக்கல் டைவிங்' படிக்க வேண்டும், பணம் அனுப்புங்கள் என்று கேட்கிறானாம். தாயாரின் சங்கிலியை அடகு வைக்கலாமா, சொல்லிக் கொடுக்கும் இடம் நல்ல இடம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு தகப்பனார் எழுதிக் கேட்டிருக்கிறார். நான் கடலில் முக்குளிப்பவன் அல்லன். ஆனால் காற்றையும் அழுத்தத்தையும் பற்றி வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறவன். இது பெரும்பாலும் அந்தப் பாடம்தான்.

பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு எல்லை 40 மீட்டர். ஏதாவது ஆபத்தென்றால் அவர்கள் நேராக மேலே வந்துவிடலாம். அதற்கும் கீழே போவது வேறு தொழில். எதற்காகப் போகிறார்கள் என்கிறீர்களா? குவாந்தானுக்கு அப்பால் 1941 டிசம்பர் 10-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கிடக்கின்றன. முதலாவது கப்பல் ஏறக்குறைய 68 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் பல நாட்டுக்காரர்கள் வருகிறார்கள்.

தண்ணீரில் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் இன்னொரு மடங்கு அழுத்தம் சேருகிறது. 68 மீட்டரில் ஏறக்குறைய 8 மடங்கு. அந்த அழுத்தத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் கள் குடித்தவனைப் போலப் புத்தியை மயக்கிவிடும். நம்மை வாழவைக்கும் பிராணவாயுவே அளவு மிஞ்சினால் வலிப்பை உண்டாக்கும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தவன் வாயிலுள்ள குழாயை நழுவ விடுவான். பிறகு சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஹீலியம் என்ற வாயுவைக் கலந்து, மற்ற இரண்டையும் குறைத்துச் சுவாசிக்கிறார்கள்.

மேலே வருவதும் லேசல்ல. கலர் போத்தலைச் சட்டென்று திறந்தால் பொங்குகிறதே, அதுபோல உடம்பில் கரைந்த வாயு குமிழியாகிவிடும். கை கால் முடங்கலாம், உயிரும் போகலாம். அதனால் கொஞ்சம் ஏறி நின்று, மறுபடி ஏறி நின்று வரவேண்டும். அடியில் இருந்தது 20 நிமிடம் என்றால் மேலே வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கடைசியில், 6 மீட்டரில் நிற்கும்போது, பலர் சுத்தமான பிராணவாயுவைச் சுவாசிப்பார்கள். 6 மீட்டரில் காப்பாற்றும் அதே சிலிண்டரை 30 மீட்டரில் வாயில் வைத்தால் ஆளைக் கொன்றுவிடும். ஒரே ஆள் மூன்று நான்கு சிலிண்டர்களைச் சுமந்து போகிறான். வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பால் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வாளியிலுள்ள பாலில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியுமா? மெட்ரோலாக்கை முக்கிப் பார்த்துத்தான் கணக்கு எழுதினார்கள். கிராணி வாயால் சொன்ன எண்ணை எந்தத் தொழிலாளி பேசாமல் ஏற்றுக்கொண்டார்? நாமும் எட்டிப் பார்த்தோம் அல்லவா? முக்குளிப்புக் கடையிலும் பிராணவாயுவை அளக்கும் கருவி உண்டு. நல்ல கடையில், சிலிண்டரைக் கொண்டுபோகிறவனே தன் கையால் அளந்து, எத்தனை விழுக்காடு, எத்தனை மீட்டர் வரை போகலாம், என்றைக்கு அளந்தது என்று எழுதி, சிலிண்டரிலேயே ஒட்டி, பெயரையும் போடுவான். அப்படி ஒட்டாத சிலிண்டர் படகில் ஏறாது. "நாங்கள் பார்த்துவிட்டோம் தம்பி, கவலைப்படாதே" என்று சொல்லும் கடை, எத்தனை பளபளப்பான படகு வைத்திருந்தாலும், நல்ல கடை அல்ல.

மகனைப் பார்க்கப் போகும் பெற்றோர் தாங்களே கவனிக்கக்கூடியது ஒன்று உண்டு. காற்றை அடைக்கும் கம்ப்ரசர் எங்கே இருக்கிறது, அது காற்றை இழுக்கும் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் ஜெனரேட்டர் புகை விட்டுக்கொண்டிருந்தால் அந்தப் புகையும் சிலிண்டருக்குள் போகும். அதை ஆழத்தில் சுவாசித்தால் விஷம் பல மடங்காகும்.

அடுத்து, ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். படகில் பிராணவாயு இருக்க வேண்டும். குமிழி நோய்க்கு ஆளை அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை செய்ய வேண்டும். லூமுட்டிலுள்ள இராணுவ மருத்துவமனையில் அந்த வசதி இருக்கிறது. தியோமான் கிழக்கே, லூமுட் மேற்கே! சிங்கப்பூரிலும் உண்டு. எங்கே கொண்டுபோவார்கள், யாரை அழைப்பார்கள், செலவு யாருடையது, காப்புறுதி உண்டா என்பதற்குக் கடைக்காரர் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றால் அவர் இதுவரை யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

மாணவனைத் திருப்பி அனுப்பும் ஆசிரியரை நம்பலாம் என்பது என் கருத்து. பணத்தை வாங்கிக்கொண்டு எல்லாரையும் தேற்றிவிடும் இடத்தை நம்ப மாட்டேன். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலும் 'கப்பலுக்குக் கட்டாயம் கூட்டிப்போவேன்' என்று வாக்குக் கொடுப்பவரும் அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த இரு கப்பல்களோடு 840 பேர் இறந்தார்கள். அது அவர்களின் கல்லறை. 2023 மே மாதம், அங்கே இரும்பு அள்ளியதாகச் சந்தேகப்பட்ட ஒரு சீனக் கப்பலை நம் கடல்சார் அமலாக்கத்தினர் ஜொகூர் கிழக்குக் கடலில் தடுத்து வைத்தார்கள். கடையின் சுவரில் கப்பல் சாமான்களை மாட்டிவைத்துப் பெருமை பேசுபவரிடம் பிள்ளையை விடாதீர்கள். செத்தவர் பொருளில் கை வைப்பவர் சிலிண்டர் கணக்கில் மட்டும் ஒழுங்காக இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடிதம் எழுதிய அன்பரே, சங்கிலி இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். தம்பி இதுவரை எத்தனை முறை முக்குளித்தான் என்று எழுதி வைத்திருக்கும் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆசிரியரின் அட்டை இந்த ஆழத்துக்குச் சொல்லிக் கொடுக்கும் அட்டைதானா என்று, அதைக் கொடுத்த அமைப்புக்கே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். சிலிண்டர், லூமுட் இரண்டுக்கும் கடையிலிருந்து என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.