நல்ல தேயிலை, சகாய விலை

இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வாங்குவோர் அதனை வெய்யிலுக்கு நேரே பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்த பின்னரே விலை பேசுவர். வீட்டுக்குத் தேயிலை வாங்கும்போதோ, பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்த மாத்திரத்தில் காசை எண்ணிக் கொடுத்துவிடுகின்றனர்!

பெயருக்கு விலை கொடுக்கும் இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு தேசத்தின் போர்தோப் பகுதியில் 1855 இல் வகுத்த தரவரிசை, அங்குள்ள சிவப்புத் திராட்சை மதுவின் விலையை இன்றும் பாதிக்கின்றது. சிக்கனம் அறிந்தோர், பட்டியலில் ஏறாத அயல் தோட்டங்களின் மதுவைத் தேடிக் கொள்கின்றனர். தேயிலைக்கும் அவ்வழி பொருந்தும்.

ஓ.பி., பி.ஓ.பி., டஸ்ட் என்னும் குறிகளைச் சுவையின் படிகள் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அவை, தோட்டத்தார் 'ஸ்டோர்' என வழங்கும் தொழிற்சாலையிற் சலித்துப் பிரித்த இலையின் அளவையும் தோற்றத்தையுமே குறிப்பன. சப்பிரகமுவையின் நீண்டு முறுகிய கரிய இலையை மத்திய கிழக்கு நாட்டாரும் ருஷ்யரும் விரும்பி வாங்குகின்றனர். பால் கலவாது அருந்துவோருக்கு அது உகந்தது. நம் இல்லங்களிலோ பாலும் சீனியும் சேர்க்கின்றோம். அதே செடியின் சிறு துகள் விரைவிற் சாயம் இறங்கித் திடமான தேநீரைத் தரும். ஆகவே அருகிலுள்ள தொழிற்சாலையின் பி.ஓ.பி. அல்லது அதனினும் நுண்ணிய பி.ஓ.பி.எப். நமக்குப் போதும்.

டஸ்ட் என்றால் மட்டம் என்பதும் பிழை. நல்ல டஸ்ட் வேறு, கழிவு வேறு. தொழிற்சாலையிற் கழித்த தண்டும் நாரும் தேநீருக்கென விற்கத் தகாதவை. எனினும் அவை கள்ளமாகக் கடைக்கு வருவதுண்டு. அவற்றுக்குச் சாயமேற்றி விற்போரும் உளர். விலை மிகக் குறைந்த தூளை நாடும் ஏழைக் குடும்பமே இதில் ஏமாறுகின்றது. கொழுந்து பறிப்பவரின் லயத்திலேயே இத்தகைய தூள் கொதிப்பதை எவ்வாறு பொறுப்பது?

சோதிக்கும் வழி எளிது. ஒரு சிட்டிகைத் தூளைக் குளிர்ந்த நீரில் இடுங்கள். நல்ல தேயிலை மெல்லவே நிறம் விடும். இட்டவுடன் செந்நிறம் பரவினால் சாயமேற்றியது என ஐயுறலாம். உள்ளங்கையிற் பரப்பி, நாரும் குச்சியும் மிகுந்துள்ளனவா என்றும் பாருங்கள்.

முதலில் நூறு கிராம் மட்டும் வாங்குங்கள். நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு இரண்டு கிராம் இட்டு ஆறு நிமிடம் மூடி வைப்பது சர்வதேசச் சோதனை முறை. வீட்டில் தராசு இல்லையெனில் ஒரே கரண்டியால் அளந்து, இரு கடைத் தூள்களையும் அருகருகே ஊற்றிப் பாருங்கள். தேர்ந்த தூளைக் காற்றுப் புகாத தகரப் பேணியில் இடுக. கருவாட்டுக்கும் மிளகாய்த் தூளுக்கும் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம்; தேயிலை அயல் மணத்தை வெகு விரைவில் ஏற்றுக்கொள்ளும்.