வள்ளம் ஒட்டும் கைக்குக் கார் வராதா?

"எஞ்சினை சீட்டுக்குப் பின்னால வைச்சு ஸ்போர்ட்ஸ் கார் செய்யிறது வெள்ளைக்காரன்ட வேலை" என்கிறார்கள். நாங்கள் மறுக்கிறோம்.

1966இல் லோட்டஸ் யூரோப்பா எப்படி வந்தது? குடும்பக் காரான ரெனோ 16இன் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் திருப்பி, இருக்கைக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தில் பூட்டி, மேலே பைபர் உடலைப் போர்த்தினார்கள். அதே பைபரையும் ரெசினையும் வைத்துத்தான் கற்பிட்டிக் கரையில் உடைந்த வள்ளங்களை ஒட்டிக் கடலுக்கு அனுப்புகிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்களை ஓடவைத்ததும் எங்கட கராஜ் பாஸ்மார்தான்.

பாதுகாப்பு? நியாயமான கேள்வி. பிரிட்டனில் வீட்டில் கட்டிய காரைத் தனித்தனியாகச் சோதித்தே வீதிக்கு விடுகிறார்கள். இங்கும் பிரேக்கை, வெல்டிங்கைக் கடுமையாகச் சோதியுங்கள். பிழையென்றால் திருப்பி அனுப்புங்கள். சோதிக்க முன்னமே "உங்களால ஏலாது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.