முழுக்கைச் சட்டை



சென்ற ஆண்டு மே மாதத்து ஞாயிறு ஒன்று. திருப்பலி முடிந்து, தாம்பரத்து வெயில் ஆலய முற்றத்தில் தகித்துக்கொண்டிருந்த வேளையில், இளம் தாய் ஒருவர் தம் மகளுடன் என் அறைக்கு வந்தார். சிறுமிக்கு வயது ஐந்து. மணிக்கட்டு வரை நீண்ட முழுக்கைச் சட்டை அணிந்து, வியர்வையில் நனைந்து நின்றாள். "இந்த வெயிலில் ஏனம்மா இப்படி?" என வினவினேன். தாய் தலை கவிழ்ந்தார். உடன் வந்த பாட்டியம்மாள்தாம் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெண்மை. கண்ணிமையருகே இன்னும் ஒரு சிறு புள்ளி. "வெண்குஷ்டம், சுவாமி. யார் செய்த பாவமோ!" என்றார், குழந்தையின் காதில் விழும்படியாகவே.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டதும் இதே வினாதான். அவர் அளித்த மறுமொழியை நாம் அறிவோம். அறிந்தும் வீட்டில் பழைய வினாவையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பாட்டியம்மாள் கூறிய சொல்லே முதற்பிழை. குஷ்டம் எனப்படும் தொழுநோய் கிருமியால் வருவது. அதன் தேமல் மங்கிய நிறமுடையது; பெரும்பாலும் தொட்டால் உணர்ச்சி இராது. அதுவும் இன்று மருந்தால் முற்றிலும் குணமாவதே. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1955-இல் நடுவண் அரசு நிறுவிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தை நம்மவர் பலரும் அறிவர். வெண்புள்ளியோ முற்றிலும் வேறு. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களை உடலின் தற்காப்பு ஆற்றலே பகையென மயங்கி அழித்துவிடுவதால் அவ்விடம் வெளுக்கிறது. அதில் கிருமி இல்லை. தொட்டாலும், ஒரே தட்டில் உண்டாலும், ஒரே பாயில் உறங்கினாலும் பிறருக்குத் தொற்றாது.

நம் தாம்பரத்தில் தோன்றிய வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கத்தார் அப்பழஞ்சொல்லை ஒழிக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டனர். 2010-இல் தமிழக அரசும் வெண்குஷ்டம் என்பதை விடுத்து வெண்புள்ளிகள் என்றே வழங்க வேண்டுமென ஆணையிட்டது. அரசாணை அலுவலகங்களை எட்டிவிட்டது. நம் அடுக்களைகளை இன்னும் எட்டவில்லை.

எங்களைப் போன்ற குருக்கள் இதில் வெட்கப்பட வேண்டும். லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். தோலில் காணும் குறிகளைச் சோதித்துத் தீட்டா அன்றா என அறிவிப்பது அக்காலத்தில் குருவின் கடமை. அவ்வதிகாரத்திலேயே, ஆணோ பெண்ணோ ஒருவர் உடலில் மங்கிய வெண்புள்ளிகள் மட்டும் தோன்றினால், அது வெறும் தேமல், அவர் தூய்மையானவரே என்று தனியே கூறப்பட்டிருக்கிறது. அத்தனை கடுமையான சட்டமும் இவர்களைப் பாளையத்திற்கு வெளியே அனுப்பவில்லை. குருமடத்தில் இதனைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். ஆயினும் பல்லாண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், நற்கருணைப் பவனியில் மலர் தூவும் சிறுமியருள் உதட்டில் வெண்புள்ளி உடைய ஒருத்தியைப் பின்வரிசைக்கு மாற்றுமாறு சிலர் சொன்னபோது நான் வாய் திறவாது நின்றேன். அக்குழந்தை ஒன்றும் கேட்கவில்லை. பூக்கூடையைத் தன் தோழியிடம் கொடுத்துவிட்டுப் பின்னே சென்று நின்றாள். இப்போது அவளுக்குத் திருமண வயதாகியிருக்கும்.

ஆகவே அந்தத் தாயிடம் ஆறுதல் மட்டும் கூறி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்கோ சென்று தோல் மருத்துவரைக் காணுமாறு கூறினேன். இரண்டுமே நம் மின்தொடர் வண்டிப் பாதையில் உள்ளவை. அவர் எழும்பூருக்குச் சென்றார். வெள்ளைத் திட்டெல்லாம் வெண்புள்ளி ஆகிவிடாது. குழந்தைகள் முகத்தில் காணும் சாதாரணத் தேமலும் உண்டு. பார்த்துத் தெளிய வேண்டியவர் மருத்துவரே. பூசும் களிம்புகளும், குறிப்பிட்ட அலைநீளமுள்ள புற ஊதா ஒளிச் சிகிச்சையும் உண்டு. முகத்துப் புள்ளிகள் விரைவில் இணங்கும். விரல் நுனியும் உதடும் எளிதில் இணங்கா. பலன் தெரிய மாதங்கள் ஆகும். முழுதும் மறையும் என்று உறுதி கூறுபவரிடம் பணப்பையைத் திறக்காதீர்கள்.

கார்போகரிசித் தைலத்தைத் தடவிக் குழந்தையை வெயிலில் உட்கார வைப்போர் நம்மிடையே உண்டு. அவ்விதையில் ஒளியோடு சேர்ந்து வேலை செய்யும் பொருள் இருப்பது மெய்யே. ஆனால் அளவறியாது செய்தால் தோல் வெந்து கொப்புளிக்கும். வெந்த இடத்திலும், சிராய்த்த இடத்திலும், இறுக்கமான இடுப்புப் பட்டியும் செருப்பு வாரும் உராயும் இடத்திலும் புதுப்புள்ளி தோன்றக்கூடும். ஆதலால் தளர்ந்த பருத்தி உடையே நல்லது. ஒட்டுப்பொட்டுப் பசையாலும் சிலருக்கு நெற்றி வெளுப்பதுண்டு, மைப்பொட்டு போதும். வெளுத்த தோல் வெயிலில் எளிதில் கன்றிவிடும் என்பதால் நண்பகலில் தொப்பியும் நிழலும் வேண்டும். அது பாதுகாப்புக்காக, ஒளித்து வைப்பதற்காக அன்று. இவ்விரண்டின் வேறுபாட்டைக் குழந்தை நம் முகத்திலிருந்தே படித்துவிடும்.

உணவிலோ விலக்கு ஏதும் இல்லை. மீனுண்ட பின் பாலோ தயிரோ உண்டால் தோல் வெளுக்கும் என்பது நம் பாட்டிமார் சொல், அதற்குச் சான்றில்லை. வளரும் பிள்ளைக்குப் பாலை மறுப்பதுதான் தீங்கு. பாட்டியம்மாளிடம் இதைச் சொன்னபோது, "உங்களுக்கென்ன தெரியும் சுவாமி, நீங்கள் பிள்ளை பெற்றவரா?" என்றார். விடையிறுக்க இயலவில்லை.

அவருடைய மெய்யான அச்சம் வேறு, பேத்தியின் திருமணம். தாம்பரத்து இயக்கத்தார் வெண்புள்ளி உடையோருக்கென வரன் அறிமுகக் கூட்டங்களே நடத்தியுள்ளனர் என்றேன். அவர் முகம் சற்றே தெளிந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இப்போதே அந்தக் கவலை எதற்கு என்று எனக்கும் தோன்றிற்று, அதைச் சொல்லவில்லை.

சூன் மாதத்தில் பள்ளி திறந்த அன்று தாய் வகுப்பாசிரியையிடம் தாமே சென்று பேசினார். அதற்கு முந்தின வாரம் முழுவதும் வீட்டில் ஒத்திகை. "இது என்ன?" என்று பிள்ளைகள் கேட்டால் சிறுமி சொல்ல வேண்டிய விடை: "இந்த இடத்தில் நிறம் போய்விட்டது. வலிக்காது, ஒட்டாது." முதல் வாரம் ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாளாம். இரண்டாம் வாரத்தில், அடுத்த இருக்கைப் பிள்ளை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதாகவும், ஒரு சாக்லேட்டு வாங்கிக்கொண்டு தொடவிட்டதாகவும் தாய் சிரிப்போடு கூறினார்.

இப்போது இமையருகே சிறு கரும்புள்ளிகளாய் நிறம் திரும்பத் தொடங்கியுள்ளது. முழங்கையில் மாற்றமில்லை.

சென்ற வாரம் அவ்வீட்டில் மதிய உணவிற்கு என்னை அழைத்திருந்தனர். சிறுமி கையில்லாச் சட்டையுடன் எதிரே அமர்ந்திருந்தாள். வஞ்சிரமீன் குழம்பு. இறுதியில் பாட்டியம்மாள் தயிர்க் கிண்ணத்தை எடுத்து, சற்றுத் தயங்கி, பேத்தியின் தட்டில் ஊற்றினார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.