போதைச் சோதனை: அளவுகோல் ஒன்றாகட்டும்

பக்கவாதத்துடன் வருவோர் சிலருக்குப் போதைப்பொருள் கண்டறியும் சிறுநீர்ச் சோதனை செய்யப்படுகிறது. கோகைன், ஆம்பெட்டமைன் போன்றவை இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தி, மூளையின் இரத்தக் குழாய்களைச் சுருக்கவோ வெடிக்கவோ செய்யும். ஆகவே சோதனை தேவையானதே. யாரைச் சோதிப்பது என்பதில்தான் பிழை நுழைகிறது. அமெரிக்க மருத்துவமனை ஆய்வுகளில், கறுப்பினத்தவரும் இளையோரும் புகைப்போரும் பிறரைவிட அதிகமாகச் சோதிக்கப்பட்டமை தெரியவந்தது.

காஞ்சிபுரத்தில் நிறத்தின் இடத்தில் உடையும் தொழிலும் வந்து நிற்கக்கூடும். தறியிலிருந்து தூக்கிவரப்படும் நெசவாளரையும், காரில் வந்திறங்கும் பட்டுக்கடை உரிமையாளரையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறோம். வீண் ஐயத்தால் ஒருவர் அவமதிக்கப்படுகிறார். வீண் நம்பிக்கையால் மற்றவரின் நோய்க்காரணம் தவறிப்போகிறது. இருவருக்கும் இழப்பே.

எனவே வயது, நோயின் தன்மை ஆகிய மருத்துவக் காரணங்களைக் கொண்டு எழுதப்பட்ட ஒரே விதி எல்லோருக்கும் பொருந்த வேண்டும். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனமும் பாகுபாடின்மையையும் இரகசியக் காப்பையும் வலியுறுத்துகிறது.

உறவினர்களே, 'இச்சோதனை எதற்கு?' என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. மருத்துவர் கேட்கையில் நோயாளியின் பழக்கங்களை மறைக்காதீர்கள். அது உங்கள் கடமை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். சிறுநீர்ச் சோதனையின் முடிவுக்காக அது காத்திருக்கலாகாது. முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.