பையை நான் பார்த்துக்கொள்ள மாட்டேன்

குடிக்கத் தண்ணீரே இல்லாத ஒரு தீவில் ஏறத்தாழ 2000 பேர் வாழ்ந்தார்கள் என்று யாராவது சொன்னால், அவர்களுடைய துணியை யார் துவைத்தது என்பதுதான் எனக்கு எழும் முதல் கேள்வி. பீரங்கி எத்தனை, சுவரின் கனம் எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. கோட்டைகளைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இந்த வரிசை பிடிப்பதில்லை. "முக்கியமானதை விட்டுட்டு..." என்று இழுப்பார்கள். எது முக்கியம் என்பதில்தான் நமக்கும் அவர்களுக்கும் சண்டையே.

அந்தத் தீவு அமெரிக்காவின் தென்கோடியில், ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் ஊரிலிருந்து மேற்கே சுமார் 70 மைல் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது. டிரை டொர்டூகாஸ் என்ற தீவுக்கூட்டத்தில் ஒன்று. 1513இல் அங்கு வந்த ஸ்பானியர் போன்ஸ் தெ லியோன் ஆமைகளைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு, ஆமைகளின் பெயரையே தீவுகளுக்கு வைத்துவிட்டுப் போனார். நன்னீர் கிடையாது என்று மாலுமிகளை எச்சரிப்பதற்காக, பின்னால் 'வறண்ட' என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டது. அங்கே கார்டன் கீ என்ற சின்னத் தீவை அடைத்துக்கொண்டு நிற்கிறது ஃபோர்ட் ஜெஃபர்சன் என்ற அறுகோணக் கோட்டை. 1846இல் தொடங்கி 30 ஆண்டுகள் போலக் கட்டியும் முடியவில்லை. 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள். இவ்வளவும் கட்டி, ஒரு போர்கூட அங்கே நடக்கவில்லை. ஆண்களின் ராணுவக் கனவுகளுக்குச் செங்கல் சுமந்தவர்களை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

1992 முதல் அது தேசியப் பூங்கா. காலையில் கீ வெஸ்டில் படகேறினால் இரண்டரை மணி நேரப் பயணம். தீவில் நான்கு மணி நேரம் போலக் கிடைக்கும். கோட்டையைச் சுற்றிக்காட்டுவார்கள். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் காலில் மாட்டும் ரப்பர் துடுப்பும் தருவார்கள். ஸ்நார்கெலிங் செய்து பவளப்பாறைகளையும் மீன்களையும் பார்த்துவிட்டு மாலைக்குள் ஊர் திரும்பிவிடலாம்.

அங்கே வாழும் என் தோழியோடும் அவளுடைய நண்பர்களின் இரண்டு தமிழ்க் குடும்பங்களோடும் போயிருந்தேன். கடற்கரைக்கு வந்ததும் ஆண்கள் சட்டையைக் கழற்றினார்கள். பிள்ளைகள் ஓடினார்கள். நான்கு பெண்களில் மூன்று பேர் நிழல் தேடி உட்கார்ந்தார்கள். "அக்கா, நீங்க வேணும்னா போங்க. நான் பையைப் பாத்துக்கறேன்" என்றாள் ஒருத்தி. மென்பொருள் நிறுவனத்தில் முப்பது பேருக்கு மேலாளர் அவள். எழுபது மைல் கடலைத் தாண்டி வந்து அந்தப் பையை யார் திருடப்போகிறார்கள்? உள்ளே இருந்தது இரண்டு துண்டு, ஒரு டப்பா புளிச்சாதம், கொஞ்சம் மாத்திரை.

பை ஒரு சாக்கு. நீச்சல் தெரியாது என்பது ஒரு காரணம். உடுத்தும் உடை இன்னொன்று. கணவனின் நண்பர்கள் இருக்கிறார்கள். தலை நனைந்தால் காயாது. பிள்ளைக்குப் பசித்தால் யார் எடுத்துக் கொடுப்பது? மாதவிலக்கு வேறு. தீவில் இன்றும் குழாய்த் தண்ணீர் கிடையாது. பகல் பயணிகள் கழிப்பறைக்குப் படகுக்குத்தான் திரும்பவேண்டும். ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான். மொத்தமாகப் பார்த்தால், டிக்கெட்டுக்கு ஒரே பணம் கொடுத்துப் போன கூட்டத்தில் ஒரு பாதி கடலைப் பார்த்தது, மறுபாதி பையைப் பார்த்தது. இதற்குப் பெயர் விடுமுறை.

இப்போது கோட்டைக்குள் போவோம். அங்கே எல்லோரும் தேடிப் பார்ப்பது ஒருவருடைய சிறையறையை. லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தின் உடைந்த காலுக்குக் கட்டுப்போட்ட மருத்துவர் சாமுவேல் மட். 1865இல் இங்கே அடைக்கப்பட்டார். 1867இல் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது கோட்டை மருத்துவர் இறந்துவிட, இவர் நோயாளிகளைப் பார்த்தார். 1869இல் மன்னிப்புப் பெற்று வீடு திரும்பினார். நல்ல கதை. குற்றம், தண்டனை, சேவை, விடுதலை எல்லாம் இருக்கிறது. அவர் அடிமைகளை வைத்திருந்தவர் என்பது மட்டும் கதையில் மெல்லிய குரலில் வரும்.

அவர் வருவதற்கு முன்பே இந்தத் தீவிலிருந்து தப்ப முயன்றவர்கள் இருந்தார்கள். கீ வெஸ்டின் அடிமை முதலாளிகள் தங்களிடமிருந்த கறுப்பின மனிதர்களைக் கோட்டை வேலைக்கு வாடகைக்கு விட்டார்கள். செங்கல் சுமந்தது ஒருவர், கூலி வாங்கியது இன்னொருவர். 1847 ஜூலையில் ஏழு பேர் படகெடுத்துக் கிளம்பினார்கள், பிடிபட்டார்கள். எந்தக் குற்றமும் செய்யாத அந்த ஏழு பேருக்குத் தனியறை இல்லை, ஆகையால் சுற்றுலாப் பயணிகள் எட்டிப்பார்க்கவும் இடமில்லை.

துணிக்கு வருகிறேன். அமெரிக்க ராணுவம் 1802ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கம்பெனிக்கு நான்கு பெண்கள் வரை சலவைக்கு வைத்துக்கொண்டது. அவர்களுக்கு உணவுப்படி உண்டு. சம்பளம் சிப்பாய்களின் பையிலிருந்து. 1878இல் இந்த ஏற்பாட்டுக்கு முடிவு கட்டத் தொடங்கும்வரை ராணுவம் போன இடமெல்லாம் இந்தப் பெண்களும் போனார்கள், இந்த வறண்ட தீவுக்கும் வந்தார்கள். கோட்டையின் அடியில் மழைநீர் சேமிக்க 109 தொட்டிகள் கட்டியிருந்தார்கள். மேல்தளத்தில் விழும் மழை மணல் வழியாக வடிந்து கீழே சேரும் என்பது பொறியாளர்களின் கணக்கு. கோட்டையின் பாரம் தாங்காமல் தொட்டிகள் விரிசல் விட்டு, பலவற்றில் கடல்நீர் புகுந்தது. குடிநீருக்கே அளவு வைத்த இடத்தில் சிப்பாய்களின் வியர்வையும் காய்ச்சலும் படிந்த துணிகளை அலசி உலர்த்தியவர்கள் எந்த நீரில் அலசினார்கள், கை எப்படி வெடித்திருக்கும் என்பதெல்லாம் துணி துவைத்த எவளுக்கும் தெரியும். உப்புநீரில் சோப்பு நுரைக்காது.

அந்தக் கோட்டையில் ஒரு பெண் எழுதவும் செய்தார். மருத்துவர் ஜோசஃப் ஹோல்டரின் மனைவி எமிலி ஹோல்டர். போர்க்கால வாழ்க்கை பற்றிய அவருடைய நினைவுக் குறிப்புகள் 1892இல் ஓர் இதழில் வெளிவந்தன. அவருக்குச் சமைத்துப் போட்ட கறுப்பினப் பெண் எழுதவில்லை. பெண்ணெழுத்து என்று நாம் கொண்டாடுவதற்குப் பின்னால் எந்தச் சமையலறையில் யார் நின்றார்கள் என்ற கேள்வியை வெள்ளைக்காரிகளிடம் மட்டும் கேட்டால் போதாது. நம் வீடுகளிலும் அடுப்படி இருக்கிறது.

பெண்ணைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைத்தார்கள் என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை. துவைக்கவும் சுமக்கவும் பாத்திரம் கழுவவும் அவளைத் தண்ணீருக்குள் தாராளமாக விட்டார்கள். தடுத்தது ஒன்றைத்தான்: சும்மா இறங்குவதை. காரணமில்லாமல், யாருக்கும் பயனில்லாமல், மிதப்பதற்காக மிதப்பதை.

என் துறையும் இதில் பங்காளி. நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று முப்பது ஆண்டுகளாகப் படித்தும் கற்பித்தும் வருகிறேன். கடலும் கடல் சார்ந்த இடமும் என்றால், கரையில் நின்று வருந்தும் பெண். சங்கப் பாடல்களில் தோழியரோடு கடலாடும் பெண்கள் வருகிறார்கள். மீன் உணங்கலில் புள் ஓட்டும் பெண்களும் வருகிறார்கள். ஆனால் இலக்கணம் அந்த நிலத்தின் உயிராகப் பொறுக்கி எடுத்தது அவர்களுடைய ஆட்டத்தை அல்ல, வேலையையும் அல்ல. அவன் போனான், அவள் காத்திருந்தாள் என்பதை. அழகான கவிதைகள்தான். அழகுக்காக ஒரு பெண் இரண்டாயிரம் ஆண்டு கரையில் உட்காரவேண்டும் என்றால், அந்த அழகைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

காத்திருத்தலுக்கு விலை உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005இல் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கை, கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது. கடலுக்குள் போயிருந்த ஆண்களின் படகுகளை அலை தூக்கி இறக்கிவிட்டுப் போனது. மீன் வரும், வாங்கி விற்கலாம் என்று கரையில் நின்ற பெண்களை அது எடுத்துக்கொண்டது. இலங்கைப் பக்கம் நீச்சலும் மரமேறலும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுக்கப்பட்டதை அதே அறிக்கை சுட்டியது. 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு நீச்சல்' என்பது பண்பாட்டுப் பேச்சு இல்லை, கொலைப் பேச்சு.

இதை எழுதும்போது தோழர் ஒருவர் குறுக்கிட்டார். "அமெரிக்காவில் ஸ்நார்கெலிங் போவது மேட்டுக்குடிப் பெண்ணியம். உழைக்கும் பெண்ணுக்கு இதில் என்ன?" நல்லது, உழைக்கும் பெண்ணிடமே போவோம். பாம்பனைச் சுற்றியுள்ள கிராமங்களில் தலைமுறைகளாக ஸ்நார்கெலிங் செய்யும் தமிழ்ப் பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயர்தான் அதற்குக் கிடையாது. கடல்பாசி எடுக்கும் பெண்கள். சேலையை இறுக்கிக் கட்டி, மேலே ஒரு சட்டை மாட்டி, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி போட்டு, மூச்சடக்கி மூழ்குகிறார்கள். மூச்சுக்குழாயும் இல்லை. மரிக்கொழுந்து பாசியும் கட்டக்கோரையும் பாறையிலிருந்து பறித்து இடுப்பு வலையில் சேர்க்கிறார்கள். அது அகர் அகராகவும் வேறு பலவாகவும் மாறி, ஐஸ்கிரீமுக்கும் அழகுசாதனப் பொருளுக்கும் போகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, தங்கள் பாட்டிகள் மூழ்கிய அதே இடத்தில் இவர்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். வனத்துறையிடம் பிடிபட்டால் அபராதம்.

இரண்டும் தேசியப் பூங்கா. இரண்டிலும் பவளப்பாறை. ஒன்றில் முகக்கண்ணாடி மாட்டிய பெண் விருந்தாளி, மற்றதில் குற்றவாளி. கடலைக் காப்பாற்றத்தான் தடை என்பார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி விருது பெற்றார். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, மீன் முட்டையிடும் காலத்தில் நிறுத்துவது என்று கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள்தான். கடலைக் காப்பது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோழரிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: பாசிக்காரப் பெண் நாள் முழுக்கக் கடலுக்குள் இருப்பதில் உங்களுக்குச் சங்கடமில்லை, அது உழைப்பு. அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை வலையில்லாமல் இறங்கி, மீன்களைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தால் என்ன சொல்வீர்கள்? உழைக்கும் பெண்ணுக்கு இன்பம் மேட்டுக்குடிச் சரக்கு என்று தீர்மானித்தது அவளா, நீங்களா?

நான் இறங்கினேன். முப்பத்தெட்டு வயதில் ஒரு குளோரின் குளத்தில் மூச்சுத் திணறிக் கற்ற நீச்சல்தான். கோட்டையின் அகழிச்சுவரை ஒட்டிக் குப்புற மிதந்து போனேன். வெளியே செங்கல்லாகத் தெரிவது தண்ணீருக்கடியில் வேறாக இருந்தது. சுவரெங்கும் கடல்விசிறிகள் ஆடின, மூளை மடிப்பு போன்ற பவளங்கள் ஒட்டியிருந்தன. கிளிமீன் ஒன்று பாறையைக் கடிக்கும் சத்தம் காதில் துல்லியமாகக் கேட்டது. யாருக்கும் பதில் சொல்லவேண்டாத நாற்பது நிமிடம். அந்தச் செங்கற்களை அடுக்கியவர்களை மறந்துதான் இதை அனுபவிக்க முடியும் என்று எனக்குப் படவில்லை. சுவரின் கீழ்ப்பகுதிச் செங்கல் வெளிறியும் மேல்பகுதி சிவந்தும் இருக்கும். உள்நாட்டுப் போர் மூண்டதும் தெற்கிலிருந்து செங்கல் வருவது நின்று, வடக்கிலிருந்து வரவழைத்தார்கள். அந்த நிறக்கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டால், நீந்தும்போதும் அது கண்ணை விட்டுப் போகாது.

கரைக்கு வந்ததும் கண்ணாடியை மேலாளரிடம் நீட்டினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை மட்டும் உள்ளே வைத்தாள். நிமிர்ந்து, "இவ்ளோ நேரம் இதத்தான் பாத்துட்டு இருந்தாங்களா இவங்க?" என்றாள். அந்தக் குரலில் வியப்பைவிடக் கோபம் அதிகம். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

மாணவிகளுக்கு ஒரு செய்தி. நான் பணிபுரியும் இடத்தில் கல்விச் சுற்றுலாவுக்குப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் படிவத்தில் 'மாணவியர் கடலில் இறங்க அனுமதியில்லை' என்று ஒரு வரி இருக்கிறது. மாணவர்களுக்கான படிவத்தில் 'கவனமாக இருக்கவேண்டும்' என்று மட்டும் இருக்கிறது. அந்த வரியை நீக்கவும், எல்லோருக்கும் மிதவை உடையும், நீச்சல் தெரிந்த ஒரு பெண் பயிற்சியாளரும் ஏற்பாடு செய்யவும் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பாதுகாப்புதான் கவலை என்றால் செலவு செய்யட்டும். உங்கள் கல்லூரிப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்.