மின்சார மோட்டார் சைக்கிளும் மழைக்காலமும்: வாங்குவோரிடம் சொல்லப்படாதவை

2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக எமது மக்கள் இரவு பகலாக வரிசைகளில் காத்துக்கிடந்த அவலத்தை எவரும் இலகுவில் மறந்துவிட முடியாது. கியூ.ஆர். முறைமை நடைமுறைக்கு வந்தபோது மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரமொன்றுக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று ஆரம்பத்தில் மட்டுப்படுத்தப்பட்டது. மின்சாரத்தில் ஓடும் இருசக்கர வண்டியைப் பற்றி சாதாரண குடும்பங்கள் தீவிரமாகச் சிந்திக்கத் தலைப்பட்டது அக்காலப் பகுதியிலேயாகும். 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 இல் மீண்டும் வழிதிறக்கப்பட்ட பின்னர் இந்த நாட்டம் மேலும் வலுப்பெற்றது. வேலைக்குச் செல்லும் பெண்கள், ஆசிரியர்கள், தெருத் தெருவாகச் சென்று விற்பனை செய்வோர் என மட்டான வருமானத்தில் வாழ்வோருக்கு இவ்வண்டிகள் பெரும் ஆறுதலாகும். அதனை நாம் வரவேற்கிறோம்.

எனினும், இவ்வண்டிகள் விற்கப்படும்போது பேசப்படுவன இரண்டே விடயங்கள்தாம். ஒன்று விலை. மற்றையது, ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பது. எவ்வளவு நீரை இந்த வண்டி தாங்கும் என்பதை விற்பவர் தாமாகச் சொல்வதும் அரிது. வாங்குபவர் கேட்பதும் அரிது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலும், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடக்கு கிழக்கிலும் மழை கொட்டும் ஒரு நாட்டில், முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுவேயாகும்.

மழையில் மின்சார வண்டி ஓடினால் மின்சாரம் தாக்கும் என்ற அச்சம் பலரிடம் உண்டு. இது பெரும்பாலும் ஆதாரமற்றது. முறையாகத் தயாரிக்கப்பட்ட வண்டியின் பற்றரி, மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவி ஆகியன மூடப்பட்டு, வயர்கள் காப்பிடப்பட்டே சந்தைக்கு வருகின்றன. சாதாரண மழையில் ஓடுவதால் மட்டும் ஓட்டுநருக்கு மின்தாக்கம் ஏற்படும் சாத்தியம் மிகக் குறைவு. ஆனால், இதற்கு நேர்மாறான இன்னொரு நம்பிக்கையும் நிலவுகிறது. பெற்றோல் வண்டியைப் போல் இதற்குப் புகைபோக்கி இல்லையாதலால் எந்த வெள்ளத்தையும் கடந்துவிடலாம் என்பதே அது. முன்னைய அச்சத்தைவிட இந்தத் துணிவே ஆபத்தானது.

நீரிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பைக் குறிக்க 'ஐ.பி.' என்ற எழுத்துகளோடு இரண்டு இலக்கங்கள் கொண்ட சர்வதேசக் குறியீடொன்று உள்ளது. முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது இலக்கம் நீரையும் பற்றியது. இரண்டாவது இலக்கம் 4 ஆயின் எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரையும், 5 ஆயின் குழாயிலிருந்து பீய்ச்சப்படும் நீரையும் தாங்கும். 7 ஆயின் ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடங்கள் மூழ்கியிருந்தாலும் கேடு விளைவிக்கும் அளவுக்கு நீர் உட்புகாது. இங்கு இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். பற்றரிக்கு வழங்கப்பட்ட தரத்தை முழு வண்டிக்கும் உரியதாக எடுத்துக்கொள்ள முடியாது. வயர் இணைப்புகளும் மின்னேற்றும் துளையும் அதே தரத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அடுத்து, இச்சோதனை புதிய பொருளில் நன்னீரைக் கொண்டு நடத்தப்படுவது. குன்றும் குழியுமான வீதிகளில் மூன்று வருடம் குலுங்கி ஓடி, இறப்பர் அடைப்புகள் தளர்ந்துபோன வண்டிக்கு அது பொருந்தும் என்று கருதிவிட முடியாது.

ஓட்டும்போது பேணவேண்டிய எச்சரிக்கையும் பெற்றோல் வண்டிக்குரியதிலிருந்து சற்று வேறுபட்டதாகும். இவ்வண்டிகள் பலவற்றில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே பொருத்தப்பட்டுள்ளது. எனவே தேங்கிய நீர் சக்கரத்தின் அச்சு மட்டத்தை எட்டுமாயின், வண்டியின் ஏனைய பாகங்கள் நனையாவிட்டாலும் மோட்டார் நீரில் மூழ்கிவிடுகிறது. வயர் உட்செல்லும் இடத்தினூடாக நீர் கசிந்து துரு ஏற்படுவது இவ்வாறுதான். அத்துடன், மின் மோட்டார் தனது முழு இழுவிசையையும் புறப்படும் கணத்திலேயே தந்துவிடும். ஈரமான தாரின் மீதோ பாதசாரிக் கடவையின் வெள்ளைக் கோடுகளின் மீதோ விசையைச் சட்டெனத் திருகினால் பின்சக்கரம் வழுக்கும். மழை தொடங்கிய முதற் சில நிமிடங்களில், வீதியில் படிந்துள்ள எண்ணெயும் தூசியும் நீரோடு கலப்பதால் இந்த ஆபத்து அதிகம். மெதுவாகப் புறப்படுதல், முன்செல்லும் வாகனத்துடன் கூடுதல் இடைவெளி பேணுதல், இரண்டு பிரேக்குகளையும் சீராக அழுத்துதல், தேய்ந்த டயரை மழைக்கு முன்னரே மாற்றுதல் என்பன செலவு குறைந்த பாதுகாப்புகளாகும்.

வெள்ளம் பாயும் வீதியை எந்த வண்டியிலும் கடக்க முனையக் கூடாது. 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரமே வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்டு இளம் உயிர்கள் பலியான துயரம் எம் நெஞ்சை விட்டு அகலாதது. பாரமான உழவு இயந்திரத்துக்கே அந்த நிலையென்றால் இருசக்கர வண்டியைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

உண்மையில், வீதியைவிட வீட்டிலேயே கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. வண்டியில் ஓடுவது குறைந்த அழுத்த மின்சாரம். ஆனால் மின்னேற்றும் கருவி இணைக்கப்படுவது வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்துடன். நனைந்து வந்த வண்டியைத் துடைக்காமல், ஈரத் தரையில் நீட்டிப்பு வயரை இழுத்துப்போட்டு உடனடியாக மின்னேற்றுவது உயிராபத்தை விலைகொடுத்து வாங்குவதற்கு ஒப்பானது. மின்னேற்றும் துளையும் செருகியும் நன்கு உலர்ந்த பின்னரே இணைக்க வேண்டும். கருவி தரையிலிருந்து உயர்ந்த, மழைச் சாரல் படாத இடத்தில் இருத்தல் வேண்டும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இயங்குகின்றதா என்பதையும் சோதித்துக்கொள்வது அவசியம். வீட்டின் ஒரே வாசலை மறித்து வண்டியை நிறுத்தி, எல்லோரும் உறங்கும் வேளையில் மின்னேற்றும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். நியூயோர்க் நகரில் 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் லித்தியம் அயன் பற்றரிகளால் மூண்ட தீயில் 18 பேர் உயிரிழந்தனர். அத்தீக்களுக்கு மழை காரணமல்ல. ஆயினும் இவ்வகைப் பற்றரி பழுதடைந்தால் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு அது சான்றாகும்.

பழுதடைவதற்கான காரணங்களுள் வெள்ளநீர் முக்கியமானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி 600 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு, நாட்டின் பல பகுதிகளை நீரில் ஆழ்த்தியது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, வெயிலில் இரண்டு நாள் நின்றதும் வழமைபோல் இயங்கக்கூடும். அதை நம்பி மின்னேற்றுவதுதான் பெருந்தவறு. உள்ளே புகுந்த நீர் உலர்ந்தாலும் அது விட்டுச்செல்லும் உப்பும் சேறும் பற்றரிக் கலங்களுக்கிடையே மின்கசிவுக்குப் பாதையமைக்கின்றன. 2022 இல் இயன் சூறாவளி அமெரிக்காவின் புளோரிடாவைத் தாக்கிய பின்னர், கடல்நீரில் மூழ்கிய மின்சார வாகனங்கள் சில, நாட்கள் கடந்து தீப்பற்றின. எனவே மூழ்கிய வண்டியை இயக்காமலும் மின்னேற்றாமலும், வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருட்களுக்கு அப்பால் நிறுத்திவைத்து, பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளரிடம் காட்டுவதே அறிவுடைமையாகும். யாழ்ப்பாணம், மன்னார், காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோரப் பகுதிகளில் வெள்ளமில்லாத காலத்திலும் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். மழைக்காலத்தின் முன்னும் பின்னும் அவற்றைச் சோதிப்பிப்பது நன்று. வண்டியைக் கழுவும்போது அழுத்தமாக நீர் பீய்ச்சும் இயந்திரங்களைத் தவிர்த்து, ஈரத்துணியால் துடைப்பதே போதுமானது.

இவை யாவும் வாங்குவோரின் கடமைகள். ஆனால் தனக்குத் தெரிவிக்கப்படாத ஒன்றை ஒருவர் எவ்வாறு கடைப்பிடிப்பார்? இந்தியாவில் 2022 இல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பற்றியபோது, அந்நாட்டு அரசு பற்றரிகளுக்கான பாதுகாப்பு விதிகளை அதே ஆண்டில் கடுமையாக்கியது. இங்கும் உயிர்கள் பலியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருட்களில் இடப்படவேண்டிய விபரங்கள் குறித்துப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அச்சபைக்கு வழங்கியிருக்கிறது. வண்டிக்கும் பற்றரிக்கும் உரிய நீர்ப் பாதுகாப்புத் தரம் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். பாவனைக் கையேடு தமிழிலும் சிங்களத்திலும் வழங்கப்பட வேண்டும். நீரால் ஏற்படும் சேதத்தை உத்தரவாதம் உள்ளடக்குகிறதா என்பது எழுத்தில் கூறப்பட வேண்டும். இம்மூன்றையும் கட்டாயமாக்கப் புதிய சட்டமெதுவும் தேவையில்லை. தமிழ் அரச கரும மொழியாக உள்ள நாட்டில், உயிரோடு தொடர்புடைய எச்சரிக்கையைத் தமது மொழியில் கோருவது மக்களின் உரிமை.

அத்துடன், பிரதேசங்களிலுள்ள மோட்டார் சைக்கிள் திருத்துநர்களுக்கு மின்சார வண்டிகளைப் பழுதுபார்க்கும் பயிற்சியை அரச தொழிற்பயிற்சி நிலையங்கள் விரிவாக வழங்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய பற்றரியைப் பாதுகாப்பாகச் சோதிப்பதற்குக் கொழும்புக்குத்தான் செல்ல வேண்டுமென்றால், ஏழைக் குடும்பமொன்று அதைச் சோதிக்காமலேயே பாவிக்கும் என்பது கண்கூடு.

கடன்பட்டும் நகையை அடகுவைத்தும் வாங்கப்படும் வண்டி இது. பெற்றோல் செலவை மிச்சப்படுத்த வந்த அது, ஒரு மழைக்காலத்திலேயே குடும்பத்தின் முதலையும் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்க இடமளிக்கக் கூடாது. வாங்கச் செல்வோர் விலையைக் கேட்பதற்கு முன்னர், இவ்வண்டி எவ்வளவு நீரைத் தாங்கும் என்று கேட்கட்டும். அதற்கு எழுத்தில் பதில் கிடைப்பதை அடுத்த மழைக்காலத்துக்கு முன்னராவது உரிய அதிகாரிகள் உறுதிசெய்ய வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.